மதகிலிருந்து மூன்று தட்டல்

மாரிசெல்வி மதகுக் கல்லில் தட்டியது மூன்று முறை. கரையில் வைத்திருந்த போனின் பதிவிலும் மூன்றுதான் இருந்தது. தண்ணீருக்குள் இறக்கிய மைக்கின் பதிவில் ஆறு இருந்தது.

மாடி வீட்டுச் சன்னலோரக் கட்டிலில் காலை நீட்டி, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து, கம்ப்யூட்டரை வயிற்றில் இடிக்காமல் ஒரு பலகைமேல் வைத்துக்கொண்டு அவள் திரும்பவும் கேட்டாள். டொக், டொக், டொக். அது அவள். பிறகு பதினோரு வினாடி ஏரி. பிறகு டொக், டொக், டொக்.

எதிரொலி பதினோரு வினாடி காத்திருந்து வராது.

ஒரகடத்தில் கார் ஏசிக்கு மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்றில் ஐந்து வருடமாக அவளுக்குக் காதுதான் வேலை. லைன் முடிகிற இடத்தில் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒரு சின்ன அறை இருக்கும். வந்து சேரும் ஒவ்வொரு மோட்டாரையும் பன்னிரண்டு வினாடி ஓடவிட்டுக் கேட்பாள். சரியென்றால் ஓகே, உள்ளே எங்கோ ஒரு முனகல் இருந்தால் ரிஜெக்ட். மெஷின் தவறவிட்டதைக்கூட அவள் பிடித்துவிடுவாள் என்று சூப்பர்வைசரே சொல்வார். அந்தக் காது இப்போது சொன்னது இரண்டு விஷயம். முதல் மூன்றும் கல்லின் மேல் விரல் முட்டி பட்ட ஓசை. அடுத்த மூன்றும் அப்படித்தான். ஆனால் கல்லின் உள்பக்கத்திலிருந்து.

பிரசவம் ஆகும்வரை கம்பெனிப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கல்யாணமாகி ஆறு வருடத்தில் இரண்டு கரு மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. இந்த மூன்றாவது, ஐந்தாம் மாதத்தில் இருந்தது. கணவன் பேச்சிராஜ் விடியும் முன்னே ஷிப்ட் வேனுக்குப் போய்விட்டால், நாள் முழுக்க அவளுக்கு இந்த ஒரே அறைதான், சாயங்காலம் கொஞ்ச தூரம் நடக்கலாம் என்பதைத் தவிர. நடந்தால் இருநூறு அடியில் ஏரிக்கரை. சேரப்பணஞ்சேரியைத் தாண்டி உள்ளே வரும் அந்தச் சின்ன ஊரில் நடக்க வேறு இடமும் இல்லை.

அந்தச் சாயங்காலங்களுக்கு உயிர் கொடுத்தவன் இளம்பரிதி. தண்டலத்துக் காலேஜ் ஒன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏரி குளங்களுக்கு அடியில் கேட்கும் ஓசைகளைப் பதிந்து அதிலிருந்து இசைபோல ஒன்று செய்வது எப்படி என்று பயிற்சி நடத்தினான். சென்னையில் தை மாதம் அவன் வைக்கப்போகும் கண்காட்சியில் ஓர் இருட்டறை. உள்ளே ஜனங்கள் உட்கார்ந்து இந்தப் பக்கத்து ஏரிகளை வெறும் காதால் பார்க்க வேண்டும். பயிற்சிக்குப் போயிருந்த அவள் காதைச் சோதித்துப் பார்த்துவிட்டு, தண்ணீருக்குள் கேட்கும் மைக் ஒன்றையும் பதினைந்து மீட்டர் ஒயரையும் அவளிடமே கொடுத்தனுப்பினான். கூடவே ஒரு பழக்கத்தையும் சொல்லிக்கொடுத்தான். "தண்ணிக்குள்ள ஒரு பதிவு, கரையில போன்ல ஒரு பதிவு. ஆரம்பிக்கும்போது ஏதாவது கல்லுல மூணு தடவ தட்டிடுங்க. அப்பதான் பின்னாடி ரெண்டையும் ஒண்ணா நேரா வைக்க முடியும்."

அவள் தட்டினாள். வேறொன்றும் செய்யவில்லை.

ஏரிக்கு அடியில் இவ்வளவு சத்தம் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. மேலே பார்த்தால் ஆகாயத்தாமரையும் எருமைகளும், தூரத்தில் ஷெட்டுகளின் நீலத் தகரமும்தான். கீழே மைக் இறங்கியதும், வெயிலில் மூச்சுவிடும் பாசியிலிருந்து கடுகு வெடிப்பதுபோல் குமிழ்கள் வெடித்தன, ஏதோ பூச்சிகள் ஊர்ப்பட்ட தையல் மிஷின்களை ஒரே நேரத்தில் ஓட்டின, கெளுத்தி மீன் ஒன்று கதவுக் கீல்போலக் கிறீச்சிட்டு நகர்ந்தது, இவை எல்லாவற்றுக்கும் அடியில் கண்டெய்னர் லாரிகள் போகும் ரோட்டின் அதிர்வு மண்வழியே வந்து, தூங்குகிறவன் மார்பைப்போல ஏறி இறங்கியது. கேட்டுக்கொண்டே அவள் தன் வயிற்றில் கை வைத்துக்கொள்வாள். உள்ளே இருப்பதற்கும் இப்படித்தான் கேட்குமோ என்று தோன்றும். தோன்றும்போதே கண் நிறையும்.

அந்த ஆறு தட்டலை இளம்பரிதிக்கு அனுப்பினாள். பத்து நிமிடத்தில் கூப்பிட்டான்.

"பின்னாடி வர்ற மூணும் நீங்கதானா?"

"இல்ல சார். எனக்கே தெரியல."

"ஆமை ஏதாவது தன்னோட ஓட்ட கல்லுல இடிக்குதோ என்னவோ. எதுவா இருந்தாலும் வெட்டிடாதீங்க. இன்னும் எடுங்க. உங்க மொத்தப் பதிவும் இது மேலதான் நிக்கப்போகுது."

எடுத்தாள். பழைய மதகு என்பது இரண்டு கல் தூண்கள், நடுவே ஒரு குறுக்குக் கல், அதற்குக் கீழே சதுரமாய் இறங்கும் ஒரு கறுப்புக் குழி. தண்ணீரைத் திறந்துவிட இப்போது தள்ளி ஓர் இரும்புக் கதவு இருப்பதால் அந்தப் பக்கம் ஆடு மேய்ப்பவர்கள்கூட வருவதில்லை. குழிக்குள் ஒயரைவிட்டு, தூணில் மூன்று தட்டி, அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். பிறகு ஒயரைக் கைக்குக் கை மாற்றி மேலே இழுத்துச் சுருட்டுவாள். ஒவ்வொரு நாளும் பதில் வந்தது. நோட்டில் குறித்துவைத்தாள், வேலைப் பழக்கம். முதல் நாள் பதினோரு வினாடி. மறுநாள் பத்து. நாலாம் நாள் ஏழு. எட்டாம் நாள் மூன்று. ஓசையும் மாறிவந்தது, முதலில் ஆழத்திலிருந்து, சேறு படிந்த கல்லிலிருந்து மந்தமாக வந்தது, நாளாக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. மேலே வரும் ஓசைதான் அப்படித் தெளியும் என்று அவளுக்குத் தெரியும். அதை மட்டும் அவள் நோட்டில் எழுதவில்லை.

அந்த வாரம்தான் மேல்தொட்டியில் தண்ணீர் தீர்ந்தது. மோட்டார் சுவிட்ச் கீழே வீட்டுச் சொந்தக்காரி சசிரேகாவின் வீட்டுக்குள் இருந்தது. பேச்சிராஜ் இறங்கிப்போய்க் கதவைத் தட்டினான். மாடிப்படியில் நின்ற மாரிசெல்விக்கு மூன்று தட்டும் கேட்டது, உடனே கதவு திறந்ததும் கேட்டது.

"ரெண்டோட நிறுத்தத் தெரியாது?" சசிரேகாவின் குரல். "எந்த ஊர்லேர்ந்து வந்துகீறீங்க? மூணு தட்றது இந்த வூட்ல கெடையாது. கூப்புடு, இல்ல ரெண்டு தட்டு. தெரிஞ்சிதா?"

"சரிக்கா, சரிக்கா. கதவுதான தட்டுனேன், உங்க தலையவா தட்டுனேன்."

"வாய் பேசாத. மோட்டார் நான் போட்டுக்கறேன், நீ மேல போ."

பேச்சிராஜ் படியேறி வந்து, கண்ணை உருட்டி அவளைப்போலவே நடித்துக் காட்டினான். "ஏட்டி செல்வி, கதவுக்கும் அளவு வச்சிருக்கா பாத்தியா. நாலு தட்டுனா ஆதார் கார்டு கேப்பா போல." மாரிசெல்வி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கீழே சசிரேகா கதவை இன்னும் சாத்தவில்லை. ஏதோ கேட்கக் காத்திருப்பவளைப்போல, தலையைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தாள்.

பத்தொன்பதாம் நாள் சாயங்காலம், மாரிசெல்வி தட்டக் கையைத் தூக்கினாள். அவள் விரல் கல்லைத் தொடும் முன்பே தட்டல் வந்தது.

டொக். டொக். டொக்.

ஹெட்போனில் மட்டும் இல்லை. தூணில் ஊன்றியிருந்த இடது உள்ளங்கையில், கல் வழியாக.

அவள் ஒயரை இழுத்தாள். ஒயர் கனத்தது. ஆகாயத்தாமரை வேர் சுற்றியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு இழுத்தாள், நினைப்பதை நிறுத்தினால் விட்டுவிடுவோம் என்று பயந்து இழுத்தாள். பாதியில் கனம் சட்டென்று போய்விட்டது. மேலே வந்த மைக்கில் வேர் எதுவும் இல்லை. ஆனால் ஒயர், கடைசி ஒரு முழத்துக்கு, துடைத்துவிட்டதுபோல் பாசி இல்லாமல் சுத்தமாக இருந்தது.

ஈரப் பையும் ஈர ஒயருமாக அவள் படியேறும்போது சசிரேகா வழியை மறித்தாள்.

"இன்னா மாரி, மதகாண்ட போய்க் குந்திக்கினு ஒயர் வுட்டுக்கினு கீறியாமே. ஊரே பேசுது. கம்பெனிக்காரன் அனுப்பிச்சானா? ஏரில கால்வெக்கப் பாக்கறானா?"

"இல்லக்கா. சும்மா சத்தம் பிடிக்கேன். மீனு, பூச்சி…"

"மீனு பேசுதா? எங்க, காட்டு."

காட்டாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒருவரேனும் கேட்டுவிட்டு இது ஆமைதான் என்று சொல்லமாட்டார்களா என்றிருந்தது மாரிசெல்விக்கு. பழைய பதிவு ஒன்றைப் போட்டு ஹெட்போனைக் கொடுத்தாள். சசிரேகாவின் முகத்தில் முதலில் ஓர் ஏளனம் இருந்தது. பிறகு அது போயிற்று. ஹெட்போனைக் கழற்றிய வேகத்தில் அவள் காதுக் கம்மல் மாட்டிக் கிழிந்து, ஒரு சொட்டு ரத்தம் தோளில் விழுந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"முன்னாடி தட்றது யாரு?"

"நாந்தான்."

"எத்தினி நாளா?"

"பதினெட்டு நாளு. இன்னைக்கு நான் தட்டல."

சசிரேகா படியில் உட்கார்ந்தாள். பேச ஆரம்பித்தபோது அவள் குரலில் சண்டை இல்லை. அதுதான் மாரிசெல்விக்குப் பயமாக இருந்தது.

"எங்க தாத்தாவுக்குத் தாத்தா. அவுருகூடப் பொறந்த சின்னவன். மதகுல முழுகி அடைப்பத் தூக்கறது அவங்க வேலை. பெரியவரு மேல கயிறு புடிப்பாரு, சின்னவன் உள்ள போவான். அடி தொட்டா ரெண்டு தட்டு. வேலை முடிஞ்சா மூணு தட்டு. மேல கீறவரு மூணு தட்டு பதில் தட்னா, இஸ்துக்கறேன், கெட்டியா புடிச்சிக்கோன்னு அர்த்தம். ஒரு மழைக்கு உள்ள போனான். கல்லு சரிஞ்சி உள்ள மாட்டிக்கினான். கயிறு மட்டும் மேல வந்துச்சி. உள்ள எங்கியோ காத்து இருந்துகீது போல. மூணு மூணா தட்டிக்கினே இருந்தானாம்."

"எடுக்கலயா?"

"கரைய ஒடச்சா எடுக்கலாம். ஒடச்சா அந்த வருசத்துப் பயிரு பூரா பூடும். ஊரு குந்திப் பேசுனாங்க." அவள் தரையைப் பார்த்தாள். "பயிர எடுத்தாங்க. மூணு நாளு தட்னான். ஒருத்தனும் பதில் தட்டல, அவங்க அண்ணங்கூட. தட்னா வாக்கு குடுத்தா மாதிரி. இஸ்துக்க முடியாதவன் எப்டி வாக்கு குடுப்பான்?" நிமிர்ந்தாள். "நீ குடுத்துக்கீற. பதினெட்டு வாட்டி."

"நான் எப்படிக்கா இழுக்க முடியும்? எங்கிட்ட கயிறா இருக்கு?"

சசிரேகா மாரிசெல்வியின் கையில் சுருட்டியிருந்த ஒயரைப் பார்த்தாள். அங்கிருந்து அவள் பார்வை மெல்ல நகர்ந்தது. மாரிசெல்வியின் வயிற்றுக்கு வந்தது. அங்கேயே நின்றது.

"வூட்ட காலி பண்ணு," என்றாள். "ஞாயித்துக்கெழமைக்கு மேல நீ இங்க இருக்கக் கூடாது. அதுவரைக்கும் எது தட்னாலும் தட்டாத. உங்கூட்டுக்காரனையும் தட்ட வுடாத."

அன்றிரவு பேச்சிராஜிடம், சசிரேகா வீட்டைக் காலி செய்யச் சொன்னதை மட்டும் மாரிசெல்வி சொன்னாள். மதகுக்குள் இருப்பவனைப் பற்றிச் சொல்லவில்லை. முதல் கரு கலைந்தபோது அவன் அம்மா, காத்து கருப்பு அண்டிவிட்டது என்று ஊரிலிருந்து ஆளைக் கூட்டிவந்து வேப்பிலை அடித்தாள். இரண்டாவது கலைந்தபோது மாரிசெல்வி பயந்த சுபாவம், அதுதான் தங்கவில்லை என்று தெருவெல்லாம் சொன்னாள். இந்த முறை அப்படி ஒரு பேச்சை வீட்டுக்குள் விடுவதில்லை என்று இவள் தன்மேலேயே சத்தியம் செய்திருந்தாள். நான் பயந்தால்தான் இதுவும் போகும். பயப்படாமல் இருந்தால் இருக்கும்.

"போறா விடுட்டி," என்றான் பேச்சிராஜ். "குன்றத்தூர்ல நம்ம கண்ணப்பன் வீட்டுப் பக்கத்துல ஒரு வீடு சும்மா கெடக்கு. ஞாயித்துக்கெழம லோடு ஆட்டோ வச்சிருவோம். நீ எதையும் தூக்கப்பிடாது, சொல்லிட்டேன்."

அவள் மைக்கையும் ஒயரையும் ஒரு சாக்கில் கட்டி, பரண்மேல் போட்டுவிட்டாள். இளம்பரிதியின் போனை எடுக்கவில்லை.

மறுநாள் காலை தட்டல் குளியலறைக் குழாயில் வந்தது.

குழாயைத் திறந்தாள். தண்ணீர் வந்தது, பழைய சேற்று வாடையோடு, ஏரி வற்றும்போது அடியில் வெளிப்படும் கறுப்பு மண்ணின் வாடை. மூடினாள். சுவருக்குள் போகும் பைப்பிலிருந்து, நிதானமாக, டொக், டொக், டொக். பிறகு ஒரு மௌனம். அது வெறும் மௌனம் இல்லை; கம்பெனி லைனில் ஒருவர் கேள்வி கேட்டுவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாரே, அந்த மாதிரி மௌனம். அவள் இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றாள். பதில் தட்டவில்லை. மறுபடி வந்தது. கொஞ்சம் பலமாக.

மத்தியானம் குடிதண்ணீர் கேனில். நிரம்பிய கேன், யாரும் தொடாத கேன், உள்ளே தண்ணீர் மூன்று முறை நடுங்கியது. சாயங்காலம் மேல்தொட்டியில். பேச்சிராஜ் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதும் வந்தது, தலைக்கு மேலே, கூரையே அதிரும்படி. அவன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு, "என்னட்டி முழிக்க?" என்றான். அவனுக்குக் கேட்கவில்லை.

கீழே கேட்டது. மூன்றாம் நாள் காலை சசிரேகாவின் குடும்பம் மூட்டை முடிச்சோடு ஆட்டோவில் ஏறியது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டும் சீருடையிலேயே, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. சசிரேகா கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

அதன்பின் வீடு முழுக்க அவளும் அதுவும்தான்.

தட்டல் இப்போது கெஞ்சவில்லை. கோபித்தது. வாக்குக் கொடுத்துவிட்டுக் கையை விட்டவள்மேல் வரும் கோபம். வாளியில். கழிவுநீர்க் குழாயில். ஊறவைத்த அரிசிப் பாத்திரத்தில். தண்ணீர் இருக்கும் இடமெல்லாம். அவள் வாளியைக் கவிழ்த்தாள். கேனைச் சாய்த்து மொட்டைமாடியில் ஊற்றினாள். குழாய்களைத் திறந்துவிட்டு மேல்தொட்டியை வடித்தாள். பாத்திரங்களைத் துடைத்துக் காயவைத்தாள். தாகம் எடுத்தால் ஒரு வாய் மட்டும், கடையில் வாங்கிய தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, உடனே விழுங்கினாள். வீட்டில் ஒரு சொட்டு இல்லாமல் செய்துவிட்டுக் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

நின்றுவிட்டது.

மத்தியானம் முழுக்க இல்லை. இரவு இல்லை. மறுநாளும் இல்லை. புதிதாக வாங்கிய பாக்கெட் ஒன்றைக் கிழித்து முகர்ந்து பார்த்தாள். சாதாரணத் தண்ணீர், குளோரின் வாடை. அவள் முகத்தை அலம்பிக்கொண்டு, நாலு நாளுக்குப் பிறகு அழுதாள். போய்விட்டது. தண்ணீரே இல்லாத வீட்டில் அது எங்கே இருக்கும்?

வெள்ளிக்கிழமை காலை ஸ்ரீபெரும்புதூரில் ஸ்கேன். பேச்சிராஜ் அரை நாள் லீவு போட்டு வந்தான். குளிர்ந்த களிம்பைத் தடவிக்கொண்டே டாக்டரம்மா ஒரு பட்டனைத் தட்டியதும் அறை முழுக்க அந்த ஓசை நிறைந்தது. மாரிசெல்வி கண்ணை மூடிக்கொண்டு, வேலை செய்யும் இடத்தில் கேட்பதைப்போலக் கேட்டாள். ஒரு வினாடி, இரண்டு வினாடி, பன்னிரண்டு வினாடி. முனகல் இல்லை. உரசல் இல்லை. மூன்று மூன்றாக எதுவும் இல்லை. ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன, சீரான இதயம்.

ஓகே என்று அவள் வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

"எல்லாம் நல்லா இருக்கும்மா," என்றார் டாக்டரம்மா. "பனிக்குடத்துல தண்ணி நிறையவே இருக்கு. தொப்புள்கொடிய எப்படிப் புடிச்சிருக்கு பாருங்க. சில குழந்தைங்க இப்படித்தான் வெளயாடும். ஆனா ரெண்டு கையாலயும் இவ்ளோ கெட்டியா புடிச்சு நான் பாத்ததில்ல."

பேச்சிராஜ் சிரித்தான். "கயிறு இழுக்கிற போட்டிக்கு வந்தவன் போல டாக்டர்."

மாரிசெல்வி திரையைப் பார்க்கவில்லை. காகிதத்தால் வயிற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்க ஈரம் போகவில்லை.

பஸ்ஸில் வரும்போது அவனிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தாள். அவன் தோளில் சாய்ந்திருந்தாள். அவன் சட்டையில் டீசலும் சோப்பும் கலந்த வாசனை. சன்னலில் பேக்டரி மதில்கள் முடிவில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. போனில் ஸ்கேன் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்த அந்த முகத்தில், ஆறு வருடமாக இல்லாத ஒரு வெளிச்சம் இருந்தது. நாளை மறுநாள் இந்த ஊரையே விட்டுப் போகிறோம். எதற்கு?

சொல்லவில்லை.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அட்டைப் பெட்டிகள் கட்டி முடிந்திருந்தன. கரண்ட் போயிருந்தது. திறந்த சன்னல் வழியே ஏரியிலிருந்து தவளைச் சத்தம் வந்தது, மழை அதன்மேல் விழுந்து விழுந்து அதை அமுக்கியது. பேச்சிராஜ் தரையில் பாயைப் போட்டு, அவளைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, பக்கத்தில் படுத்துக்கொண்டு அவள் வயிற்றில் கன்னத்தை வைத்தான்.

"இன்னும் ஒரு உதையும் எனக்குத் தரமாட்டேங்கான்," என்றான். "உனக்கு மட்டும் குறுகுறுன்னு இருக்குன்னு சொல்லுத. அப்பன்னா எளக்காரம்."

"தருவான் அத்தான். கொஞ்சம் பொறுங்க."

தவளைகள் நின்றன.

மழை நிற்கவில்லை. தவளைகள் மட்டும். எல்லாம் ஒரே நேரத்தில், யாரோ வாயைப் பொத்தியதுபோல்.

அப்போது அவளுக்குள், தொப்புளுக்குக் கீழே, மெல்ல.

டொக்.

டொக்.

டொக்.

பேச்சிராஜ் தலையைத் தூக்கினான். அவன் கண்கள் இருட்டிலும் மின்னின. "ஏட்டி," என்றான். குரல் உடைந்தது. "எனக்குக் கேட்டுச்சுட்டி."

தண்ணீரே இல்லாத வீடு. ஒரு சொட்டு இல்லாமல் துடைத்த வீடு. எங்கே இருக்கும் என்று கேட்டாளே. டாக்டரம்மா சொன்னாரே. தண்ணி நிறையவே இருக்கு.

அந்த மௌனம். கேட்டுவிட்டு முகத்தைப் பார்த்து நிற்கும் மௌனம்.

மறுபடி, டொக், டொக், டொக்.

"எண்ணித் தட்டுதான் பாரு. மூணு." பேச்சிராஜ் சிரித்துக்கொண்டே அழுதான். "இருடா வாரேன். அப்பா இங்கதான் இருக்கேன்."

விரலை மடக்கினான். அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம். இருட்டில் அவனுக்குத் தெரியவில்லை. அவன் முட்டி அவள் வயிற்றில் பட்டது, பூவால் தொடுவதுபோல.

ஒன்று.

"அத்தான்."

இரண்டு.

அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். இரண்டு கையாலும். நகம் பதியப் பிடித்தாள். "வேண்டாம் அத்தான். தட்டாதீங்க. அது…"

"கூச்சமாட்டி?" என்றான் அவன், ஆசையாய். கையை விடுவித்துக்கொள்ளக்கூட முயலவில்லை. அப்படியே குனிந்து, கன்றுக்குட்டி மடியை முட்டுவதுபோல, நெற்றியால் ஒரு முட்டு முட்டினான்.

மழை.

பிறகு அவளுக்குள் ஏதோ பிடித்துக்கொண்டது. உதையில்லை. புரளலில்லை. பிடி. பலமாய், ஒரு விரல் விட்டு ஒரு விரலாய் இறுகும் பிடி. அடிவயிற்றிலிருந்து நெஞ்சுவரை ஒரு கயிறு விறைப்பதுபோல் அவள் உடம்பு விறைத்தது.

கரண்ட் வந்தது.

பேச்சிராஜ் இன்னும் நெற்றியை எடுக்கவில்லை. கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் வலது கை அவள் வயிற்றின்மேல் விரிந்து கிடந்தது, பெரிய கை, ஃபோர்க்லிப்ட் லிவரைப் பிடித்துப் பிடித்துக் காய்த்த கை. அதற்குப் பக்கத்தில், அவள் தோலுக்கு அடியிலிருந்து, நாலு விரல் முட்டிகள் வரிசையாய் எழும்பி நின்றன. அவன் கை அளவுக்கே.

அவை மேல்நோக்கி நகர ஆரம்பித்தன. கைக்குக் கை மாற்றி.